நர்சிங் ப்ராசஸ்: வார்டில் இருக்கிறதா, தாளில் மட்டும்தானா?

கேட்டிருப்பது இது: நான்கு வருடம் நர்சிங் ப்ராசஸ் படித்தாயிற்று. அசெஸ்மென்ட் (நிலையை ஆராய்வது), டயக்னோசிஸ் (பிரச்சினையைக் கண்டறிவது), பிளானிங் (திட்டமிடுவது), இம்ப்ளிமென்டேஷன் (செய்வது), இவாலுவேஷன் (பலன் கிடைத்ததா என்று பார்ப்பது) என்று ஐந்து படி. ஒரே நோயாளிக்குப் பத்துப் பக்கம் கேர் பிளான், அதாவது பராமரிப்புத் திட்டம், எழுதிய காலமும் உண்டு. வார்டில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, அப்படி யாரும் செய்வதாகத் தெரியவில்லை. ஷிப்ட் முடிகிற நேரத்தில் எல்லோரும் மடமடவென்று தாளை நிரப்புகிறார்கள். சீனியர்களைக் கேட்டால் "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ்கள் இதைப் புரிந்துதான் செய்கிறார்களா, இல்லை இது பரீட்சையோடு முடிந்த விஷயமா?

பல வருடம் வார்டில் நின்றுவிட்டுப் பிறகு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவள் நான். எனக்குத் தெரிந்தவரை, செய்கிறார்கள். ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் அது இல்லை. கேர் பிளான் தாளில் தேடினால் கிடைக்காது, கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். அதோடு, ஐந்து படிகளில் கடைசிப் படி மட்டும் பல இடங்களில் நிஜமாகவே விடுபட்டுப் போகிறது. தாள் நிரப்புவதைவிட எனக்குக் கவலை தருவது அதுதான்.

ஒரு கட்டிலைப் பார்ப்போம். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து இரண்டாம் நாள். அறுபது வயதுக்காரர். காலையில் ஷிப்ட் மாறும்போது நடக்கிற ஹேண்ட்ஓவரில் சொன்னது: "ஸ்டேபிள். ட்ரிப் போகுது. யூரின் நல்லா போகுது." அவ்வளவுதான். பகல் ஷிப்ட் நர்ஸ் உள்ளே போகிறாள். மனிதர் தலையணையிலிருந்து சரிந்து கட்டிலின் நடுவில் கிடக்கிறார். ஒரு கை வயிற்றின் மேல். எட்டும் தூரத்தில் இருக்கிற தண்ணீர் டம்ளர் தொடப்படாமல் இருக்கிறது. பேச்சு இரண்டிரண்டு வார்த்தையாக வருகிறது. நெஞ்சில் ஏதோ கரகரக்கிறது, இருமல் கிளம்பும்போதே பாதியில் அடக்கிக்கொள்கிறார்.

அவள் மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுகிறாள். 24. ஆக்சிஜன் அளவு 94. நாடி 98. காய்ச்சல் 37.8 செல்சியஸ். பிபி சரியாக இருக்கிறது. "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை சிஸ்டர்" என்கிறார். இந்தப் பதிலோடு நகர்ந்துவிடுகிற நர்ஸ்கள் உண்டு. இவள் நகரவில்லை. "ஒரு தடவை நல்லா இருமுங்க, பார்க்கிறேன்" என்கிறாள். முகம் சுருங்குகிறது, இருமல் வரவில்லை. வலி, சும்மா படுத்திருக்கும்போது பத்துக்கு மூன்று, இருமினால் எட்டு. சார்ட்டைப் புரட்டுகிறாள்: விடிகாலையில் கொடுக்க வேண்டிய வலி மருந்தை, தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அவரே மறுத்திருக்கிறார்.

இந்த இடத்தில் அவள் மனதுக்குள் ஒரு முடிச்சுப் போடுகிறாள். வலி இருப்பதால் ஆழமாக மூச்சு விடவில்லை. ஆழமாக விடாததால் நுரையீரலின் அடிப்பகுதி விரியவில்லை. இருமாததால் சளி தங்குகிறது. இப்படியே விட்டால் இரண்டு நாளில் நிமோனியா. சார்ட்டில் டாக்டர் எழுதியிருக்கிற நோயின் பெயர் வேறு. இது அவள் கண்டுபிடித்தது, இதற்குப் பொறுப்பும் அவள்தான். நீங்கள் பரீட்சையில் பிரச்சினை, காரணம், அறிகுறி என்று மூன்றாகப் பிரித்து எழுதிய நர்சிங் டயக்னோசிஸ் இதுவேதான்.

அடுத்தது, எதை முதலில் செய்வது என்கிற கேள்வி. மூச்சுப் பயிற்சியை முதலில் சொல்லிக்கொடுத்தால் அவர் செய்ய மாட்டார், வலிக்கும். அதனால் எழுதிவைத்திருக்கிற வலி மருந்து முதலில். அது வேலை செய்யட்டும் என்று விட்டுவைத்த நேரத்தில் இன்னொருவரைக் கூப்பிட்டு அவரை மேலே இழுத்து, தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைக்கிறாள். கெண்டைக்காலில் வீக்கம், வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள், நெஞ்சுவலி உண்டா என்று கேட்டுக்கொள்கிறாள். மூச்சு வேகமாவதற்கு நுரையீரலில் அடைக்கும் ரத்தக்கட்டியும் காரணமாகலாம், அதை மறக்கக் கூடாது. அரை மணி கழித்து ஒரு தலையணையைத் தையல் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இருமச் சொல்கிறாள். கெட்டியான சளி வருகிறது. அப்புறம் பத்து ஆழ்ந்த மூச்சு.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து மறுபடியும் எண்ணுகிறாள். மூச்சு 20. ஆக்சிஜன் 96. இருமும்போது வலி நான்கு. சரி, கணக்கு ஒத்துவருகிறது. இனிமேல் ஒவ்வொரு முறையும் வலி மருந்து கொடுத்து அரை மணி கழித்துத்தான் எழுப்பி நடத்துவது என்று திட்டத்தைத் திருத்திக்கொள்கிறாள்.

ஐந்து படியும் இதற்குள் இருக்கின்றன. ஆனால் அவளிடம் போய் "நர்சிங் ப்ராசஸ் செய்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்கெல்லாம் எங்கே நேரம்? வலிக்கு மருந்து கொடுத்து உட்காரவைத்தேன்" என்பாள். அன்றைய குறிப்பில் அவள் எழுதியிருப்பது: "வலி மருந்து கொடுக்கப்பட்டது. நோயாளி வசதியாக இருக்கிறார்." யோசித்தது, எண்ணியது, சந்தேகப்பட்டது, திரும்பி வந்து பார்த்தது எதுவுமே தாளில் ஏறவில்லை. உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இதில் உங்கள் தவறும் இல்லை, அவள் தவறும் முழுக்க இல்லை. பெரும்பாலான நர்ஸ்களுக்கு நர்சிங் ப்ராசஸ் என்றால் ஒரு படிவம். மாணவியாக இருக்கும்போது அதைப் படிவமாகத்தான் சந்தித்தார்கள், படிவத்துக்குத்தான் மதிப்பெண் கிடைத்தது. அதனால் படிவம் இல்லாத இடத்தில் அதே சிந்தனை நடந்தாலும் அதற்கு இந்தப் பெயரை அவர்கள் வைப்பதில்லை. படிவம் இருக்கிற இடத்தில் சிந்தனை இல்லாவிட்டாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. லிடியா ஹால் என்ற அமெரிக்க நர்ஸ் 1955-இல், நர்சிங் என்பது தனித்தனி வேலைகளின் தொகுப்பு அல்ல, ஒரு தொடர் செயல்முறை என்று பேசினார். 1961-இல் ஐடா ஜீன் ஆர்லாண்டோ அதை நோயாளிக்கும் நர்ஸுக்கும் நடுவில் நடக்கிற உரையாடலாக விளக்கினார். 1967-இல் ஹெலன் யூராவும் மேரி வால்ஷும் நான்கு படிகளாக வகுத்தார்கள். அதில் டயக்னோசிஸ் தனிப் படியாக இல்லை. 1973-இல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் வெளியிட்ட தர வரையறைகள் அதைத் தனியாகப் பிரித்தன. அதே வருடம் செயின்ட் லூயிஸ் நகரில் நர்சிங் டயக்னோசிஸ்களை வகைப்படுத்த முதல் மாநாடு கூடியது. பிறகு நாண்டா என்ற அமைப்பாக வளர்ந்தது அந்த முயற்சிதான். இன்றைக்கு அவர்கள் பட்டியலில் 250-க்கும் மேற்பட்ட டயக்னோசிஸ்கள் இருக்கின்றன.

இதன் பின்னால் ஒரு போராட்டம் உண்டு. அதுவரை பல ஆஸ்பத்திரிகளில் வேலையைத்தான் பங்கு போட்டார்கள், நோயாளியை அல்ல. ஒருத்தி எல்லோருக்கும் காய்ச்சல் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லோருக்கும் டிரெஸ்ஸிங், மூன்றாமவள் எல்லோருக்கும் மருந்து. ஒவ்வொரு வேலையும் ஒழுங்காக நடக்கும், ஆனால் ஒரு நோயாளியை முழுசாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நர்ஸ் ஆர்டரை நிறைவேற்றுகிறவள் மட்டும் அல்ல, அவளுக்கென்று ஒரு தீர்ப்பும் பொறுப்பும் உண்டு என்று நிலைநாட்டுவதற்குத்தான் நர்சிங் ப்ராசஸ் வந்தது. உங்கள் வார்டிலும் இன்னமும் "இன்னிக்கு நீ இன்ஜெக்‌ஷன், நீ டிரெஸ்ஸிங்" என்றுதான் பிரிக்கிறார்கள் என்றால், அங்கே இது செத்துக் கிடப்பதற்கு நர்ஸ்களின் அறியாமை காரணம் இல்லை. டியூட்டி பிரிக்கிற விதமே அதற்கு இடம் கொடுக்கவில்லை. மேலே சொன்ன நர்ஸால் மூச்சையும் மறுத்த மருந்தையும் தொடாத டம்ளரையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது ஏன்? அந்த மூன்றும் அவள் ஒருத்தியின் கண்ணில் பட்டதால்தான்.

ஆர்லாண்டோவை நான் சும்மா பெயருக்காகச் சொல்லவில்லை. அவர் சொன்ன ஒன்று பாடப்புத்தகச் சுருக்கங்களில் காணாமல் போய்விடுகிறது: நீ பார்த்தது ஒன்று, அதைப் பற்றி நீ நினைத்தது இன்னொன்று, நினைத்தது சரியா என்று நோயாளியிடம் சரிபார்க்காமல் செயலில் இறங்காதே. இதை நான் கற்றது படித்தல்ல, மாட்டிக்கொண்டு.

வேலையில் சேர்ந்த புதிது, இரவு டியூட்டி. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வந்தவர், எழுபதைத் தாண்டியவர். பதினொரு மணிக்கு மேல் புரண்டுகொண்டே இருந்தார். போர்வையை இழுக்கிறார், எழுந்து உட்காரப் பார்க்கிறார், கேட்டால் "தூக்கம் வரலை" என்கிறார். புது இடம், ஆபரேஷன், வயது. பதற்றம் என்று முடிவு கட்டினேன். குறிப்பிலும் 'பதற்றம், தூக்கமின்மை' என்று அழகாக எழுதினேன். தூக்க மாத்திரைக்கு ஆர்டர் வாங்க டியூட்டி டாக்டருக்குப் போன் செய்யக் கையை நீட்டியபோது, பக்கத்து வார்டு சீனியர் அக்கா எதற்கோ வந்தவர் ஒரே கேள்வி கேட்டார்: "கடைசியா எப்போ யூரின் போனார்?"

என்னிடம் பதில் இல்லை. சார்ட்டில் மாலை மூன்று மணிக்குப் பிறகு அந்தக் கட்டம் காலி. அடிவயிற்றில் கை வைத்தால் மத்தளம் மாதிரி இறுகிக் கிடந்தது. ட்யூப் போட்டதும் 800 மில்லி வந்தது. 300 மில்லி சேர்ந்தாலே போக வேண்டும் என்று சாதாரணமாகத் தோன்றும், ஆனால் அந்த ஊசியின் மரப்பில் அவருக்கு அது என்ன தொந்தரவு என்றே சொல்லத் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் குறட்டை விட்டுத் தூங்கிப்போனார். நான் தூக்க மாத்திரை கொடுத்திருந்தால் அவர் தூங்கியிருப்பார், மூத்திரப்பை வீங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

நான் எழுதிய குறிப்பைப் படிவமாகப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. கண்ணில் பட்டதிலிருந்து நேராகப் பெயருக்குத் தாவினேன், நடுவில் வேறு என்னவாக இருக்கலாம் என்று கேட்கவில்லை. அசெஸ்மென்ட் என்றால் எல்லாக் கட்டத்தையும் நிரப்புவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

டயக்னோசிஸ் படியில்தான் நர்ஸ்கள் அதிகமாகச் சங்கடப்படுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அந்தப் பட்டியலின் மொழி யாரும் வாயால் பேசுகிற மொழி இல்லை. ஹேண்ட்ஓவரில் நின்றுகொண்டு "வாயு பரிமாற்றக் குறைபாடு" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் விழிப்பார். "மூச்சு வாங்குது, படுத்தால் அதிகமாகுது" என்றால் உடனே புரியும். நான் மாணவர்களிடம் சொல்வது: பரீட்சையில் பட்டியலின் வாசகத்தை எழுதுங்கள், வார்டில் உங்கள் வாசகத்தைச் சொல்லுங்கள், ஆனால் காரணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'விழும் அபாயம்' என்று எழுதினால் எல்லோருக்கும் ஒரே சிகிச்சை, கட்டில் தடுப்பை ஏற்றிவிடுவது. 'எழுந்து நின்றதும் பிபி இறங்குவதால் விழும் அபாயம்' என்று எழுதினால், முதலில் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து அப்புறம் நிற்கவைப்பீர்கள். 'ராத்திரி நான்கு தடவை கழிவறைக்கு அவசரமாக எழுவதால்' என்றால், தூங்கும் முன் ஒரு தடவை கூட்டிப்போய்விட்டு, அழைப்பு மணியைக் கைக்கு எட்ட வைத்து, நீர் பிரியும் மாத்திரையை மாலையில் கொடுக்காமல் மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேட்பீர்கள். தலைப்பு ஒன்றுதான், காரணம் மாறியதும் செய்கிற வேலை மொத்தமும் மாறிவிட்டது.

டாக்டரின் டயக்னோசிஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பலர் குழம்புகிறார்கள். பக்கவாதம் வந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனில் இருவருக்கும் ஒரே பெயர்தான். ஒருவருக்கு விழுங்குவது தடுமாறுகிறது, தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. இன்னொருவர் நன்றாக விழுங்குகிறார், ஆனால் தன் இடது பக்கம் ஒன்று இருப்பதே அவர் கவனத்தில் இல்லை; தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பசிக்கிறது என்கிறார். முதலாமவருக்கு விழுங்கும் சோதனை முடியும்வரை வாய்வழி எதுவும் கூடாது. இரண்டாமவருக்குத் தட்டைத் திருப்பிவைத்தாலே முதல் உதவி ஆயிற்று.

ஸ்கோர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. படுக்கைப்புண் அபாயத்துக்கான பிரேடன் அளவுகோல் 1987-இல் வெளிவந்தது. ஆறு தலைப்பு, கூட்டினால் 6 முதல் 23 வரை வரும், 18-ம் அதற்குக் கீழும் அபாயம் என்பது பொதுவான கணக்கு. எங்கும் நான் பார்ப்பது: 14 என்று போட்டுவிட்டு, 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டவும்' என்று எழுதிவிடுவார்கள். அந்த 14 எங்கே குறைந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ஈரம் என்ற தலைப்பில் குறைந்திருந்தால் அடிக்கடி துணி மாற்றி, தோலுக்குத் தடுப்புக் களிம்பு போட வேண்டும். உணவில் குறைந்திருந்தால் எவ்வளவு புரட்டினாலும் பாதிப் பலன்தான். எண்ணைப் போடுவது அசெஸ்மென்டின் ஆரம்பம், அது ஏன் அந்த எண் என்று கேட்கும்போதுதான் டயக்னோசிஸுக்குள் நுழைகிறோம். நம் முதல் நோயாளியின் மூச்சு, நாடி, ஆக்சிஜனை பிரிட்டனின் நியூஸ்2 என்ற எச்சரிக்கை அளவுகோலில் போட்டால் 4 வரும். 5 ஆனால் டாக்டரை அவசரமாகக் கூப்பிட வேண்டும். 4-க்கு அந்த அளவுகோல் சொல்வது, இன்னும் அடிக்கடி அளந்து பார் என்றுதான். தலையணையைத் தையல் மேல் வைக்கச் சொல்லாது.

பிளானிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'நோயாளி நலமாக உணர்வார்' என்பது இலக்கு இல்லை, வாழ்த்து. 'நாளை மதியத்துக்குள் ஒருவர் துணையோடு நாற்காலிவரை நடந்து பதினைந்து நிமிடம் உட்காருவார்' என்றால் அடுத்த ஷிப்ட் வருகிறவளுக்குச் செய்ய ஏதோ இருக்கிறது, நடந்ததா இல்லையா என்று சொல்லவும் முடியும். அந்த இலக்கை நோயாளியிடமும் சொல்லிவையுங்கள், பாதிப் பேர் அதைச் சொல்வதே இல்லை.

இனி அந்தக் கடைசிப் படிக்கு வருகிறேன். வலி மருந்து கொடுத்தாயிற்று என்று எழுதியிருக்கும். வலி குறைந்ததா என்று எழுதியிருக்காது. ஊசியாகக் கொடுத்தால் கால் மணி முதல் அரை மணிக்குள், மாத்திரையாகக் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் விடுபடுகிறது? மற்ற படிகளுக்கு யாராவது நினைவூட்டுவார்கள். மருந்துக்கு நேரம் எழுதியிருக்கிறது, டிரெஸ்ஸிங்குக்கு ஆர்டர் இருக்கிறது, அட்மிஷன் அசெஸ்மென்டுக்குக் கெடு இருக்கிறது. திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கு ஆர்டர் இல்லை. அது முழுக்க நர்ஸின் மனதிலிருந்து கிளம்ப வேண்டும், அந்த நேரத்துக்குள் மூன்று பேர் அழைப்பு மணி அடித்திருப்பார்கள், ஒரு புது அட்மிஷன் வந்திருக்கும்.

மறுபடி பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்றால், அதே திட்டம் அப்படியே நாள்கணக்கில் ஓடும். இதயம் பலவீனப்பட்டு உடம்பில் நீர் கோத்த ஒரு நோயாளியின் கேர் பிளானை ஒருமுறை ஆடிட்டுக்காகப் பார்த்தேன். டாக்டர் ஆர்டர், நாளுக்கு மொத்தம் 1.5 லிட்டர்தான் குடிக்கலாம். கேர் பிளானில் மலச்சிக்கலுக்கான அச்சடித்த வாசகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்: 'தண்ணீர் நிறையக் குடிக்க ஊக்குவிக்கவும்.' மூன்று ஷிப்டும் 'செய்யப்பட்டது' என்று கையெழுத்து. ஆனால் பக்கத்திலேயே இருந்த, குடித்த அளவைக் குறிக்கிற இன்டேக் சார்ட்டில் நாளுக்கு 1.4 லிட்டர் தாண்டவில்லை! நர்ஸ்கள் கட்டிலருகே சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள். தாளைப் படித்துவிட்டு யாரும் வேலை செய்யவில்லை என்பது அவருடைய நல்ல காலம். ஆனால் வேறு வார்டிலிருந்து உதவிக்கு வந்த ஒருத்தி அதைப் படித்து நம்பியிருந்தால்? கம்ப்யூட்டரில் எழுதும் இடங்களில் இது கூடியிருக்கிறது. நேற்றைய குறிப்பை அப்படியே எடுத்து இன்றைக்கு ஒட்டிவிடலாம், இரண்டு கிளிக். ட்யூப் எடுத்து நான்கு நாள் ஆனவருக்கு 'ட்யூப் பராமரிப்பு செய்யப்பட்டது' என்று வந்துகொண்டே இருக்கும்.

வேலைப்பளுவைச் சொல்லாமல் இதைப் பேசுவது அநியாயம். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலும் ஆபரேஷனுக்குப் பிறகு முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று லிண்டா ஐகென் குழுவினர் 2002-இல் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் கண்டார்கள். 2014-இல் ஐரோப்பிய நாடுகளில் செய்த ஆய்விலும் அதே 7 சதவீதம் வந்தது. பீட்ரிஸ் காலிஷ் என்பவர் 2006-இல், நர்ஸ்கள் வழக்கமாக விட்டுவிடுகிற வேலைகள் எவை என்று அவர்களிடமே கேட்டுப் பட்டியலிட்டார். நடக்கவைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, சாப்பாடு, சொல்லிக்கொடுப்பது, வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு, மன ஆறுதல், சுத்தம், உட்கொண்டது வெளியேறியது எழுதுவது, கண்காணிப்பு. கவனித்தீர்களா, பெரும்பாலும் எல்லாமே நர்ஸ் தன் தீர்ப்பில் செய்கிறவை. நேரம் போதாதபோது டாக்டர் ஆர்டர் பிழைத்துக்கொள்கிறது, கேர் பிளான் மூழ்குகிறது. என் இரவு நோயாளியின் காலிக் கட்டமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அனுபவசாலிகள் படிப்படியாகச் செய்வதாகத் தெரியவில்லை என்கிறீர்கள். உண்மை, அவர்கள் அப்படிச் செய்வதில்லை. பட்ரீசியா பென்னர் 1984-இல் நர்ஸ்களின் வளர்ச்சியைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து நிலைகளாக விவரித்தபோது சொன்னது இதைத்தான். வல்லுநர் விதிகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்வதில்லை, நிலைமையை முழுசாகப் பார்த்துச் சரியான இடத்தில் கை வைக்கிறார். யூரின் கேள்வி கேட்ட சீனியர் அக்கா அந்தக் கட்டிலைப் பத்து வினாடிகூடப் பார்த்திருக்க மாட்டார். அதனால் உங்களுக்குப் படிகள் வேண்டாம் என்று ஆகாது. அவர் தாண்டிப்போன படிகளை நீங்கள் இன்னும் ஏற வேண்டும். அவருக்கும் ஒரு ஆபத்து உண்டு: நூறு தடவை பார்த்த காட்சி என்று நினைத்து நூற்றொன்றாவது தடவை ஏமாறுவது. அந்த நேரத்தில் அவரும் படிகளுக்குத் திரும்பத்தான் வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம் என்றால், எல்லா நோயாளிக்கும் பத்துப் பக்கம் எழுதப் பார்க்காதீர்கள், ஒரு வாரத்தில் வெறுத்துவிடும். ஷிப்டில் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு மனதில் நெருடுகிறவரை. அவரிடம் "இன்னிக்கு உங்களுக்கு எது பெரிய தொந்தரவு?" என்று கேளுங்கள். வருகிற பதில் பல சமயம் உங்கள் பட்டியலில் இருக்காது. பிறகு மூன்று வரி: என்ன பிரச்சினை, எதனால் என்று நினைக்கிறேன், எத்தனை மணிக்குத் திரும்பி வந்து எதை அளப்பேன். அந்த நேரத்தை உள்ளங்கையளவு துண்டுச் சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வையுங்கள். திரும்பிப் போனதும் எண்ணை எழுதுங்கள். குறையவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அது தோல்வி இல்லை, நீங்கள் நினைத்த காரணம் தப்பு என்று தெரிந்துகொண்டீர்கள்.

ஹேண்ட்ஓவரில் "ஸ்டேபிள்" என்று சொல்வதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பதிலாக, "இருமினால் வலி எட்டு இருந்தது, இப்போ நான்கு. மருந்து கொடுத்து அரை மணி கழிச்சு எழுப்புங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்." கூடுதலாகப் பத்து வினாடி ஆகும். அடுத்த ஷிப்ட் உங்கள் முடிவிலிருந்து தொடங்குவாள், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க மாட்டாள்.

"பழகிடும்" என்கிற சீனியரிடம் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "நர்சிங் ப்ராசஸ் செய்வீங்களா?" என்றால் படிவத்தைப் பற்றித்தான் பதில் வரும். "அவருக்கு ஏதோ சரியில்லைன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சது?" என்று கேளுங்கள். முதலில் "தெரியும், அவ்ளோதான்" என்பார். விடாதீர்கள், "எதைப் பார்த்தீங்க?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். டம்ளர் தொடாமல் இருந்தது, போர்வையை இழுத்த விதம் சரியில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது மட்டும் கேட்காதீர்கள், தவறான டோஸ் போய்விடும். பிற்பகலில் சார்ட் எழுத உட்காரும் அந்தப் பத்து நிமிடம் தோதான நேரம்.